நீனா பெத்ரோவ்னா சாப்பிட்டாரா?

எங்கள் நகராட்சி அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தது. ஏழு படி. நாலாவது படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கரித்தூள் படிந்த நோட்டு, வலது கையில் போன். இரண்டு படி கீழே ஹாஜா அண்ணன், தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார். மத்தியானம் இரண்டரை மணி. எங்கோ ரஷ்யாவில் ஒரு ஆஸ்பத்திரியில் மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லிப் பாரு தங்கச்சி," என்கிறார்.

"யா மாமா. காக் மயா தோச்?"

"அவ்வளவுதான். நிதானமா பேசு. அல்லா பாத்துக்குவான்."

'நான் அம்மா பேசுகிறேன். என் மகள் எப்படி இருக்கிறாள்?' என்று அர்த்தம். ரஷ்ய மொழியில் அம்மாவை மாமா என்கிறார்கள், என்ன செய்வது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற பியூன் கலியமூர்த்தி இதைக் கேட்டுவிட்டு, "ராணி மேடத்துக்கு ரஷ்யாவுல ஒரு மாமா இருக்காராம், தினம் போன் போடுறாங்க" என்று ஆபீஸ் முழுக்கப் பரப்பிவிட்டான். வேறு நாளாக இருந்தால் அவனை வறுத்தெடுத்திருப்பேன். அன்று எனக்கு அதற்குத் தெம்பில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் பதிவறை எலிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் கயல்விழி, "எலியப் பத்தியெல்லாம் எழுதுற, என்னைப் பத்தி ஒரு வரி இல்லையே" என்று குறைப்பட்டாள். எழுதுகிறேன் தாயே. ஆனால் இது உன் கதை இல்லை. நீ மயக்கத்தில் கிடந்தாய். இது நான் நாலு வார்த்தை ரஷ்யன் படித்த கதை.

பாஸ்போர்ட் இல்லாதவள்

கயல் அப்போது அங்கே மருத்துவம் மூன்றாம் வருஷம். ஊர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு சுளுக்கும். பனிக்காலம். வயிற்றுவலியை ஹாஸ்டல் சாப்பாட்டின் கோளாறு என்று இரண்டு நாள் அலட்சியம் செய்திருக்கிறாள். டாக்டருக்குப் படிக்கிற பெண். குடல்வால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவிவிட்டது. ஒரு ஆபரேஷன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டுவிட்டார்கள். அங்கே நோயாளிக்குப் போன் கிடையாது, பார்வையாளர் கிடையாது.

என் வீட்டுக்காரரிடம் பாஸ்போர்ட் இருந்தது. சேதி வந்த அன்றே விசாவுக்காகச் சென்னைக்கு ஓடினார். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறப்புப் பதிவுப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து, சிங்கப்பூர் போகிறவன், பிரான்ஸ் போகிறவன், துபாய் போகிறவன் என்று ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கென்று ஒன்று எடுத்துவைக்கத் தோன்றியதே இல்லை. நான் எங்கே போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கயல் எழுந்து உட்காரும்வரை அசைவம் தொடமாட்டேன், செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று. மற்ற நாளிலும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம். அவளுக்கு வாய்வழியாக ஒன்றும் கொடுக்கமாட்டார்களாம். பெற்றவளுக்கு மட்டும் எப்படி இறங்கும். காபியும் மோருமாக ஓட்டினேன். யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். நோயாளியைப் பற்றி மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை போனில் சொல்வார்கள். நமக்கு அது இரண்டரை முதல் மூன்றரை. அதுவும் பெற்றவர்களிடம் மட்டும். கயலோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த மதுரைப் பெண் தீபிகா முதல் நாள் என்னையும் லைனில் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டாள். எடுத்தவர், "நீ யார்? அம்மா எங்கே?" என்று கேட்டாராம். தீபிகா என்னைப் பேசச் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை ரஷ்யன் தெரியாது. பொத்தென்று வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் போனில் மொழிபெயர்க்கிற செயலியை வைத்துப் பார்த்தேன். நான் தமிழில் சொல்ல, அது ரஷ்யனில் கணீரென்று பேசியது. ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்திருக்க வேண்டும். அதையும் வைத்துவிட்டார்கள்.

"ஆன்ட்டி, நீங்களே பேசுனாத்தான் சொல்வாங்க," என்றாள் தீபிகா. "அஞ்சு வாக்கியம் போதும். நான் வாய்ஸ் அனுப்புறேன், மனப்பாடம் பண்ணிக்குங்க."

கீழவாஞ்சூர் ரஷ்யன்

ஹாஜா மைதீன் என் வீட்டுக்காரரோடு படித்தவர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கப்பலில் ஏறி இறங்கி, காகிதத்தில் கையெழுத்து வாங்குகிற வேலை. நிலக்கரிக் கப்பலில் ரஷ்ய மாலுமிகள் வருவார்கள். அவர்களிடம் பேசிப் பேசி நாற்பது ஐம்பது வார்த்தையைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தார். சேதி கேட்டதும் அந்த நோட்டோடு தருமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பிரித்துப் பார்த்தேன். கயிறு. ஏணி. நிறுத்து. கையெழுத்துப் போடு. டீ. கேப்டன் தூங்குகிறாரா?

"அண்ணே, இத வச்சு நான் என்ன பண்றது? நர்ஸ்கிட்ட ஏணிய எறக்கச் சொல்றதா?"

அவர் கோபப்படவில்லை. பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இது ஒதவும் பாரு. மேத்லென்னா. மெதுவான்னு அர்த்தம். மெதுவா, மேத்லென்னா. ரெண்டும் பக்கத்துல இருக்குல்ல? அவ படபடன்னு பொரிஞ்சான்னா இதச் சொல்லு. கூட ஒரு பஷாலஸ்தா போட்டுக்க. தயவு பண்ணின்னு அர்த்தம்."

புரியாத மொழியைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை நான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது, எங்கள் பதிவறையில் பழைய பிறப்புப் பதிவேடெல்லாம் பிரெஞ்சில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எழுத்துப் புரியாமல், கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல வரி வரியாக நகல் எடுத்திருக்கிறேன். வீட்டிலும் பிரெஞ்சு உண்டு. என் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சித்தி ஒரு தெளிந்த சூப் வைத்து, "புய்யோன் குடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்பாள். கோழி எலும்பு வேகிற அந்த வாசனைக்காகவே பொய்க் காய்ச்சலில் படுத்திருக்கிறேன்.

ஆனால் பதிவேட்டில் தப்பாக எழுதினால் அழித்து எழுதலாம். போனில் தப்பாகச் சொன்னால் வைத்துவிடுவார்கள்.

பத்து என்று சொல்லி நிறுத்து

சனி, ஞாயிறு இரண்டு நாளும் படிப்புதான். அடுப்பில் பால் பொங்க, நான் 'ஹரஷோ, ஹரஷோ' என்று கத்திக்கொண்டிருந்தேன். 'நல்லது' என்று அர்த்தம். அந்த 'ஹ' தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரவேண்டும். ஹாஜா அண்ணன் ஓதிப் பழகிய தொண்டை, அவருக்குச் சுலபமாக வந்தது. எனக்குச் சூடான சோற்றை வாயில் போட்டுக்கொண்டு ஊதுவதுபோல வந்தது.

இன்னொரு எழுத்துதான் வில்லங்கம். இகரமும் இல்லை, உகரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். 'நீங்கள்' என்ற சொல்லிலேயே அது வருகிறது. கயல் அங்கே போன புதிதில், "அம்மா, பென்சிலப் பல்லுல கடிச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்றாங்க" என்று அழுதிருக்கிறாள். தீபிகாவும் அதையேதான் சொன்னாள். நானும் ஒரு பென்சிலைக் கடித்துப் பார்த்தேன். எச்சில்தான் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்க்காரரிடம், "பத்து எலுமிச்சம்பழம் குடுங்க" என்றேன். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டேன். பத்து. அந்தக் கடைசி 'து'வில் உதடு குவியவே இல்லையே. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அதுதானே இது. பத்து, காத்து, சோறு. வாலை மட்டும் நறுக்கி 'வ்' பின்னால் ஒட்டினேன். வு.

உடனே தீபிகாவுக்கு அனுப்பினேன். "ஆன்ட்டி, எங்க மேடம் மாதிரியே சொல்றீங்க," என்றாள். குற்றியலுகரம் என்று விளக்கினேன். "அப்படின்னா?" என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

சண்டை வந்தது வேறு இடத்தில்.

"முதல்ல என்ன கேக்கணும்னு சொல்லவே இல்லியேம்மா," என்றேன் தீபிகாவிடம்.

"மகள் எப்படி இருக்கான்னு கேளுங்க ஆன்ட்டி."

"அதுக்கு முன்னாடி. சாப்பிட்டீங்களான்னு கேக்குறதுக்கு என்ன?"

"இங்கல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி. தெரியாதவங்க போய் சாப்பிட்டீங்களான்னு கேட்டா ஒரு மாதிரி நெனப்பாங்க. நேரா விஷயத்துக்கு வந்துடுங்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "உச்சி வேளையில ஒருத்தரக் கூப்புட்டு, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்காம, என் வேலையப் பாருன்னா எப்படிம்மா? என் கவுன்ட்டர்ல எவனாவது அப்படி வந்து நின்னான்னா அவன் ஃபைல நான் அடியிலதான் வைப்பேன்."

ஹாஜா அண்ணன் என் கட்சி. கப்பல் சமையல்காரர் தன்னிடம் சொன்ன வார்த்தை அவர் நோட்டில் இருந்தது. தீபிகா முனகிக்கொண்டே அதைச் சரிப்படுத்திக் கொடுத்தாள். வு கூஷலி? நீங்கள் சாப்பிட்டீர்களா?

இல்லை என்றார் நீனா

திங்கட்கிழமை இரண்டரைக்கு எடுத்தது ஒரு கனத்த பெண்குரல்.

"யா மாமா," என்றேன். கயலின் முழுப்பெயரைச் சொன்னேன். அடுத்த மூச்சில், "வு கூஷலி?"

அந்தப் பக்கம் பேனாவை மேஜையில் வைக்கிற சத்தம். பிறகு அந்தக் குரல் மெதுவாக, "யா?" என்றது. 'நானா?' என்று. பிறகு, "நியெத்."

இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? பட்டினி கிடந்தாலும் "ஆச்சு, நீங்க?" என்பதுதானே மரியாதை. இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன பேசுவது என்று நோட்டில் எழுதவே இல்லை. வாயில் வந்தது தமிழ்தான். "அய்யய்யோ, மணி பன்னெண்டு ஆச்சே, மொதல்ல போய்ச் சாப்பிடுங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டார். பிறகு நான் கேட்காமலே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காய்ச்சல் இருக்கிறது. தூங்குகிறாள். மூச்சு நன்றாக இருக்கிறது. நான் அத்தனையையும் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொள்ள, தீபிகா அப்புறம் அர்த்தம் சொன்னாள். கடைசியில் நான் நோட்டைப் பார்த்து, "தோச் கூஷலா?" என்றேன். மகள் சாப்பிட்டாளா?

"நியெத், மாமா."

பெயரையும் சொன்னார். நீனா பெத்ரோவ்னா. நாம் அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் போடுகிறோம், அவர்கள் பின்னால் முழுசாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. நடுநாளில் ஒரு சின்னப் பெண் எடுப்பாள். "ஸ்தபீல்னா" என்று ஒரே சொல், டக்கென்று வைத்துவிடுவாள். மாற்றமில்லை என்று அர்த்தமாம்.

"மாத்தமில்லன்னா நல்லதா கெட்டதா அண்ணே?" என்று கேட்டேன்.

ஹாஜா அண்ணன் நோட்டை மூடினார். "கடல்ல அப்படிச் சொன்னா நல்லதுதான் தங்கச்சி."

நீனா மறுபடி வந்த நாளில், நான் கேட்டதும், "தா. கூஷலா. சூப்," என்றார். ஆமாம், சாப்பிட்டேன், சூப். அதற்கடுத்த முறை முட்டைக்கோஸ். நான் கேட்பேன் என்று பன்னிரண்டுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷி. வார்டில் மற்ற நர்சுகள், "என்ன நீனா, இந்தியா கேட்கும், சாப்பிட்டாயா?" என்று அவரைக் கேலி செய்தார்களாம். கயல் பிற்பாடு சொன்னாள்.

ஆனால் "தோச் கூஷலா?" என்ற கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் அதே நியெத். எனக்கு வேறு எந்தச் சேதியும் வேண்டாம். காய்ச்சல் இத்தனை, ரத்தத்தில் இத்தனை என்பதெல்லாம் டாக்டர்களுக்கு. என் பிள்ளை வாயில் ஒரு வாய் இறங்கியது என்று எவராவது சொன்னால் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். அவ்வளவுதான் கணக்கு. அந்த வார்த்தைக்காகத்தான் தினமும் அந்தப் படியில் போய் உட்கார்ந்தேன்.

நாலாவது படி

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் சென்னையிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். விசா இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். "நீ சாப்டியா?" என்றார். "ஆச்சு," என்றேன். எழுந்து நின்றால் கண் இருட்டியது.

எடுத்துவிட்டார்கள். நீனாவின் குரல்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யா மாமா," என்று ஆரம்பித்தேன். 'வு' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மாமா. வு கூஷலி?"

அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?

ஹாஜா அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு மேலாக வீட்டுக்காரரிடம், அண்ணனிடம், பக்கத்து சீட் பரிமளாவிடம், காய்க்காரரிடம்கூட 'ஆச்சு' என்று சொல்லிப் பழகிய வாய். ரஷ்யனில் 'ஆச்சு'வுக்கு 'தா' என்று ஒரே எழுத்துதான், எனக்குத் தெரியும். அது வரவில்லை.

"நியெத்," என்றேன்.

நோட்டைப் பார்க்காமல் நான் சொன்ன முதல் ரஷ்யச் சொல் அதுதான். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கலியமூர்த்தி ஜன்னலில் நின்றிருந்தான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீனா, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"தோச்கா கூஷலா. புல்யோன்."

ஹாஜா அண்ணன் பரபரப்பாக நோட்டைப் புரட்டினார். "கூஷலா புரியுது. அது என்ன புல்யோன்? இதுல இல்லியே தங்கச்சி."

அவர் நோட்டில் இருக்காது. எனக்குத் தெரியும். சித்தி வீட்டு அடுப்பில் கோழி எலும்பு வேகிற வாசனை அந்தப் படிக்கட்டுவரை வந்துவிட்டது. மகள் சாப்பிட்டாள். புய்யோன் குடித்தாள். எல்லாம் சரியாகப் போய்விடும்.

"ஸ்பசீபா," என்றேன். நன்றி. அதையே எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நீனா நிறுத்தச் சொன்னார்.

"திபேர் வு," என்றார். இனி நீங்கள்.

அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "யா ஜ்து," என்றார்.

"கப்பல்ல எங்கிட்ட தெனம் சொல்ற வார்த்தை இது," என்றார் ஹாஜா அண்ணன். "காத்திருக்கேன்னு அர்த்தம். நீ சாப்புடுற வரைக்கும் அவங்க வைக்க மாட்டாங்க போலருக்கு."

அவர் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அவர் வீட்டில் வைத்த மீன் ஆணம், அதாவது எங்கள் வீட்டில் மீன் குழம்பு. காலையில் கருக்களாச்சேரியில் வந்து இறங்கிய மீன். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். புளியும் தேங்காய்ப்பாலும் உள்ளே இறங்குவது வயிறுவரை தெரிந்தது. இன்னொரு வாய். போன் படியில் கிடந்தது. அந்தப் பக்கம் ஏதோ வண்டி உருள்கிற சத்தம், யாரோ கூப்பிடுகிற சத்தம், நடுவில் நீனாவின் மூச்சு. நான் மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹாஜா அண்ணன் நோட்டில் ஒரு வரியைக் காட்டினார். கப்பல் சமையல்காரரிடம் சொல்வதற்காக எழுதிவைத்தது. வாயில் சோற்றோடு படித்தேன்.

"வ்கூஸ்னா." ருசியாக இருக்கிறது.

"ஹரஷோ, மாமா," என்றார் நீனா. அப்புறம்தான் வைத்தார்.

அந்தப் படிக்கட்டு இப்போது இல்லை, இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஹாஜா அண்ணன் மகனோடு துபாயில் இருக்கிறார். நோட்டு என் அலமாரியில் இருக்கிறது, திறந்தால் இன்றும் விரலில் கரி ஒட்டும். நீனா பெத்ரோவ்னாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த எண்ணில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். சில நாள் இரண்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்கும்போது, இந்நேரம் சாப்பிட்டிருப்பாரா என்று எனக்கு மனசு கேட்கும். யாரிடம் கேட்பது.

அன்று டப்பாவில் அண்ணனுக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. குழாயடியில் கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது, அன்று செவ்வாய்க்கிழமை. பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாத நாள். கையில் மீன் வாசனை.

மாரியம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.